கட்டுதலும் காத்தலும்: 1931ஆம் ஆண்டு நமக்கு உரைப்பன

(அறக்கட்டளை விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

அருகன் திருவடியை வணங்கித் தொடங்குகின்றேன். 

கட்டடக்கலை குறித்து உரையாற்றுமாறு என்னைப் பணித்தார்கள். நான் பொறியாளன் அல்லேன். தமிழாசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன். ஆதலின் ஒரு சொல்லிலிருந்தே தொடங்குகின்றேன். 'கட்டடம்', 'கட்டிடம்' என்னும் இரண்டையும் நாம் வேறுபாடின்றி எழுதி வருகின்றோம். கட்டப்பட்ட அமைப்பு கட்டடம். கட்டுதற்குரிய இடம் கட்டிடம் என்று வகுப்பில் மாணவர்க்குச் சொல்லுவோம். ஓரிடத்தில் ஒரு கட்டடம் எழும்போது அங்கே முன்பு என்ன இருந்தது, பின்பு அது என்ன ஆகும் என்னும் இரண்டு வினாக்களும் உடன் எழுகின்றன. இன்றைய உரை முழுவதும் அவ்விரு வினாக்களைப் பற்றியதே.

கட்டடக்கலை வரலாறு கடல்போற் பரந்தது. அரைமணி நேரத்தில் அதனை நீந்திக் கரையேற இயலாது. ஆகவே ஓர் ஆண்டை மட்டும் எடுத்துக்கொண்டேன். அது 1931ஆம் ஆண்டு. உலகம் பெரும் பொருளாதார வீழ்ச்சியில் துவண்டு கிடந்த காலம் அது. வங்கிகள் மூடப்பட்டன, தொழிலாளர் வேலையிழந்து தெருவில் நின்றனர். அத்தகைய ஆண்டில்தான் உலகின் புகழ்பெற்ற கட்டடங்கள் சில நிறைவெய்தின. பழைய கட்டடங்களை எவ்வாறு காப்பது என்று பல நாட்டு அறிஞர்கள் முதன்முதலாக ஒன்றுகூடி நெறி வகுத்ததும் அவ்வாண்டில்தான். முதலில் புதியன எழுந்த கதையைச் சொல்லிப் பிறகு பழையன காத்த கதைக்கு வருகின்றேன்.

நம் நாட்டிலிருந்தே தொடங்குவோம். 1911 டிசம்பரில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் இந்தியாவின் தலைநகரைக் கல்கத்தாவிலிருந்து தில்லிக்கு மாற்றுவதாக அறிவித்து அடிக்கல் நாட்டினார். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்து, 1931 பிப்ரவரியில், வைசிராய் இர்வின் பிரபு புது தில்லி நகரைத் திறந்து வைத்தார். நகரின் தலையாய கட்டடங்களை வகுத்தவர்கள் எட்வின் லட்டியன்ஸ், ஹெர்பர்ட் பேக்கர் என்னும் இருவர். வைசிராய் மாளிகை 340 அறைகள் கொண்டது. அதற்கு 70 கோடி செங்கற்களும் 30 லட்சம் கன அடிக் கல்லும் செலவாயின என்பர். அதன் நடுக் குவிமாடத்தைச் சூழ்ந்த வேலி வடிவம் சாஞ்சித் தூபியின் வேலியை நினைவூட்டுவது. வெயிலையும் மழையையும் தடுக்கும் நீண்ட இறவாரமும், கல்லிற் குடைந்த சாளரப் பலகணியும் இந்நாட்டுக் கட்டட மரபிலிருந்து கொண்டவை. ஆள வந்தவர்களும் இம்மண்ணின் வெயிலுக்கு இம்மண்ணின் விடையையே தேட வேண்டியிருந்தது.

அம்மாளிகைக்கு ஏறிச் செல்லும் சாலையின் சரிவு குறித்து அவ்விருவரிடையே பெரும் பிணக்கு மூண்டது. சாலையின் ஏற்றத்தில் வருவோர்க்கு மாளிகை ஓரிடத்தில் கண்ணிலிருந்து மறைந்துபோகின்றதே என்று லட்டியன்ஸ் மனம் புழுங்கினார். வரலாறோ அதனினும் பெரிய மறைவைத் தன் கையில் வைத்திருந்தது. நகரம் திறக்கப்பட்ட அதே பிப்ரவரியில் காந்தியடிகள் அம்மாளிகையின் படிகளில் ஏறி இர்வின் பிரபுவுடன் பேச்சு நடத்தினார். மார்ச் 5ஆம் நாள் காந்தி இர்வின் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. பதினாறே ஆண்டுகளில் பேரரசு விடைபெற்றது. 1948இல் அம்மாளிகையில் குடிபுகுந்த முதல் இந்தியர் நம் இராஜாஜி. வைசிராய்களின் பெரிய அறைகளை விடுத்து, சிறிய அறைகள் சிலவற்றையே அவர் தமக்கு அமைத்துக்கொண்டார். கட்டியவர் நோக்கம் ஒன்றாக இருக்க, கட்டடத்தின் பொருளைப் பின் வந்தோர் மாற்றியமைத்தனர். கல் மாறவில்லை, வாழ்ந்தோர் மாறினர்.

இனி அமெரிக்காவுக்குச் செல்வோம். நியூயார்க் நகரில் 1931 மே முதல் நாள் எம்பயர் ஸ்டேட் கட்டடம் திறக்கப்பட்டது. 102 மாடிகள், 381 மீட்டர் உயரம். குடியரசுத் தலைவர் ஹூவர் வாஷிங்டனில் இருந்தபடியே ஒரு பொத்தானை அழுத்த, விளக்குகள் எரிந்தன. 1930 மார்ச் 17ஆம் நாள் கட்டத் தொடங்கினர். 410 நாள்களில் முடித்தனர். வாரத்திற்கு நான்கு மாடிகளுக்கு மேல் எஃகுச் சட்டகம் உயர்ந்தது. ஒரு நாளில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் அங்கே உழைத்ததுண்டு. லூயிஸ் ஹைன் என்னும் ஒளிப்படக் கலைஞர் அத்தொழிலாளர்களை விண்ணளாவும் உத்தரங்களின் மீது எடுத்த படங்களை இன்றும் காணலாம். அம்முகங்களைப் பார்த்த பின்னர்க் கட்டடத்தின் உயரம் நமக்கு வேறொரு கணக்காகத் தோன்றும்.

இவ்வளவு விரைந்து கட்டியும் அதற்குக் குடியேற ஆள் வரவில்லை. பொருளாதார வீழ்ச்சியால் அறைகள் வெறுமையாகவே கிடந்தன. 'வெற்றுக் கட்டடம்' எனப் பொருள்படுமாறு நகர மக்கள் அதன் பெயரைத் திரித்துக் கேலி பேசினர். அக்கட்டடம் வருவாய் ஈட்டித் தலைநிமிர ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆயின. ஆயினும் அது வீழவில்லை; நாற்பது ஆண்டளவு உலகின் மிக உயர்ந்த கட்டடம் என்னும் பெயரைத் தாங்கி நின்றது. அவ்விடத்தில் முன்பு நின்றது வால்டார்ஃப் அஸ்டோரியா என்னும் பெரும் விடுதி. அதனை இடித்த பின்னரே இது எழுந்தது. அவ்விடுதி அதே 1931 அக்டோபரில் வேறொரு தெருவில் புதிதாகத் திறக்கப்பட்டது. செல்வம் உடையவற்றிற்கு வேறிடம் கிடைத்துவிடுகின்றது. அஃது இல்லாதன இடிபட்டால் இடிபட்டவைதாம்.

மூன்றாவது, ஒரு வீடு. பிரான்சில் பாரிசுக்கு அருகே புவாசி என்னும் ஊரில் லெ கொர்புசியே தம் உறவினர் பியர் ழான்னெரேயுடன் இணைந்து சவுவா குடும்பத்தினர்க்காகக் கட்டிய வில்லா சவுவா 1931இல் நிறைவுற்றது. மெல்லிய தூண்களின் மீது வெண்பெட்டிபோல் உயர்த்தி நிறுத்திய வீடு. சுவரின் நெடுகிலும் நீண்டோடும் சாளரம். தட்டையான மாடியில் தோட்டம். உலகெங்கும் கட்டடக்கலை மாணவர்கள் இன்றும் பாடமாகப் பயிலும் வீடு அது. ஆனால் அதில் மழை ஒழுகிற்று. கூடத்திலும் ஏறுபாதையிலும் மழை பெய்கின்றது என்று வீட்டுத் தலைவி கட்டடக் கலைஞர்க்கு மீண்டும் மீண்டும் முறையிட்டு எழுதினார். போர் வந்தது, குடும்பம் வீட்டை விட்டு நீங்கியது, படைவீரர்கள் தங்கினர். 1958இல் பள்ளிக்கூடம் கட்டுவதற்காக ஊராட்சியினர் நிலத்தைக் கையகப்படுத்த, வீடு இடிபடும் நிலை உண்டாயிற்று. உலகெங்கிலுமிருந்து கட்டடக் கலைஞர்கள் குரல் எழுப்பினர், அமைச்சர் ஆந்த்ரே மால்ரோ தலையிட்டார், வீடு பிழைத்தது. புதுமையின் உருவாகக் கட்டிய வீடு முப்பது ஆண்டுகளுக்குள் காப்பாற்றப்பட வேண்டிய பழம்பொருள் ஆகிவிட்டதை எண்ணிப் பாருங்கள்.

லெ கொர்புசியே பின்னர் இந்தியாவுக்கு வந்தார். சண்டீகர் நகரை வகுத்தார். அகமதாபாத்தில் சாராபாய் என்னும் சமணக் குடும்பத்தினர்க்கு 1950களில் ஒரு வீடு கட்டித் தந்தார். புவாசியில் தூண்மேல் நின்ற அவரது கலை, அகமதாபாத்தில் செங்கற் சுவரும் மண் பரப்பிப் புல் வளர்த்த கூரையுமாக மண்ணோடு படிந்து நின்றது. இடத்தின் வெயில் கலைஞனுக்கும் ஆசிரியன் ஆகின்றது.

நான்காவது, பிரேசில் நாட்டின் ரியோ டி ஜெனிரோ நகரில் கொர்கொவாதோ மலையுச்சியில் நிற்கும் இயேசு பெருமானின் சிலை. 1931 அக்டோபர் 12ஆம் நாள் திறக்கப்பட்டது. சிலை 30 மீட்டர். பீடம் 8 மீட்டர். பொறியாளர் எய்தோர் ட சில்வா கோஸ்தா. சிற்பி பால் லாந்தோவ்ஸ்கி. உள்ளே கம்பி பொதிந்த கான்கிரீட்; மேலே சிறுசிறு முக்கோண மாக்கல் வில்லைகள். அவ்வில்லைகளைத் துணியின்மீது ஒட்டித் தந்தவர்கள் அந்நகரத்துப் பெண்கள். தம் அன்புக்குரியோர் பெயர்களை வில்லையின் பின்புறத்தில் எழுதி ஒட்டினர் என்பர். வெளியே எவர்க்கும் தெரியாத அப்பெயர்கள் அச்சிலைக்குள் இன்றும் உள்ளன. 2014இல் இடி தாக்கி வலக்கைப் பெருவிரலின் நுனி சிதைந்தபோது கலைஞர்கள் கயிற்றில் தொங்கி அதனைச் சீர்செய்தனர்.

மலையுச்சியில் நிற்கும் பேருரு என்றதும் நம் நெஞ்சம் சிரவணபெளகொளத்துக்குச் செல்வது இயல்பு. சாமுண்டராயர் எழுப்பிய பாகுபலி பெருமான் ஏறத்தாழ 58 அடி உயரம், ஒரே கல், ஆயிரம் ஆண்டுகளைக் கடந்து நிற்கின்றார். ஒன்றைப் புகழ்ந்து மற்றொன்றைத் தாழ்த்துதல் நம் நெறியன்று. இரண்டிற்கும் பொதுவான ஓர் உண்மையையே நான் சுட்ட விரும்புகின்றேன். சிலையை நிறுத்தியவர் ஒருமுறை நிறுத்தினார்; அதன்பின் தலைமுறை தலைமுறையாக எவரோ அதன்மீது கண் வைத்திருந்தமையால்தான் அது நிற்கின்றது.

இனிப் பழையன காத்த கதைக்கு வருகின்றேன். அதே 1931இல் நம் தஞ்சையில் நிகழ்ந்தது அது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ். கே. கோவிந்தசாமி, இராசராசன் எடுப்பித்த பெரிய கோயிலின் கருவறையைச் சுற்றியுள்ள இருண்ட நடைவழியில் புகுந்தார். அங்கே சுவரில் நாயக்கர் காலத்து ஓவியங்கள் இருந்தன. அவை உதிர்ந்த இடங்களில் அடியில் வேறொரு பூச்சு தெரிந்தது. அதுவே சோழர் காலத்து ஓவியம்! ஒன்பது நூற்றாண்டுகளாக அங்கேயே இருந்த அதனைப் பல நூற்றாண்டுகளாக எவரும் கண்டிலர். பிற்காலத்தில் தொல்லியல் துறையினர் நாயக்கர் ஓவியப் படலத்தைச் சுவரிலிருந்து பக்குவமாகப் பிரித்தெடுத்துத் தனிப் பலகைகளில் பொருத்தினர். கீழிருந்த சோழர் ஓவியமும் வெளிப்பட்டது. ஒன்றைக் காண்பதற்காக மற்றொன்றை அழிக்கவில்லை.

அந்தச் சுவரை அதற்குமுன் எவரேனும் 'அழுக்காக உள்ளதே' என்று சுரண்டித் தேய்த்துச் சுண்ணாம்பு அடித்திருந்தால் நமக்கு என்ன எஞ்சியிருக்கும்?

அவ்வினாவுக்கு விடை தேடிய மாநாடு அதே ஆண்டு அக்டோபர் 21 முதல் 30 வரை கிரேக்க நாட்டின் ஏதென்சு நகரில் நடைபெற்றது. பன்னாட்டு அருங்காட்சியக அலுவலகம் அதனைக் கூட்டிற்று. பல நாட்டுக் கட்டடக் கலைஞர்களும் தொல்பொருள் வல்லுநர்களும் கூடி, நினைவுச் சின்னங்களைக் காக்கும் நெறிகளை வகுத்தனர். 'ஏதென்சு சாசனம்' என்று அதனை வழங்குகின்றனர். அதன் கருத்துகளுள் நமக்கு வேண்டியவற்றை என் சொற்களில் கூறுகின்றேன். பழைய கட்டடத்தை முழுதும் புதிதாக்கிவிட முயலாது, இடைவிடாத பராமரிப்பால் காக்க வேண்டும். பழுதுபார்த்தே தீரவேண்டுமெனின், எந்தக் காலத்துப் பணியையும் ஒதுக்காது எல்லாவற்றையும் மதிக்க வேண்டும். கட்டடம் அதன் இயல்புக்கு ஏற்ற பயன்பாட்டில் தொடர்ந்து இருக்க வேண்டும். பழைய சின்னங்களைப் படங்களுடன் பதிவு செய்ய வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, மக்கள் உள்ளத்தில் உள்ள பற்றே சிறந்த காவல்; அதனை இளமையிலேயே ஊட்ட வேண்டும்.

மாநாட்டினர் ஏதென்சின் குன்றிலுள்ள பார்த்தினான் கோயிலையும் பார்வையிட்டனர். அங்கே நிக்கோலவோஸ் பலானோஸ் என்னும் பொறியாளர் பல ஆண்டுகளாகத் திருப்பணி செய்து வந்தார். பண்டைக் கிரேக்கர் பளிங்குக் கற்களை இரும்புப் பட்டைகளால் இணைத்தபோது, துரு ஏறாதிருக்க அவற்றைச் சுற்றி ஈயம் வார்த்தனர். பலானோஸ் வைத்த இரும்புக்கு ஈயக் காப்பு இல்லை. இரும்பு துருவேறிப் பருத்தது, பளிங்கு வெடித்தது. பழைய பட்டையால் விளையாத கேடு புதிய பட்டையால் விளைந்தது. 1975 முதல் கிரேக்க அரசு அமைத்த குழுவினர் அவ்விரும்பை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, துருவேறாத டைட்டானியம் பொருத்தி வருகின்றனர். நல்லெண்ணமும் உழைப்பும் இருந்தால் மட்டும் போதாது. பழைய கைவினைஞன் ஏன் அவ்வாறு செய்தான் என்னும் அறிவும் வேண்டும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

பெருமக்களே, இதுகாறும் பிற ஊர்க் கதைகளைச் சொன்னேன். இனி நம் கதைக்கு வருகின்றேன்.

பழையதைக் காக்கும் நெறியை நாம் ஏதென்சிலிருந்துதான் கற்கவேண்டும் என்பதில்லை. நம் கல்வெட்டுகளில் 'புதுக்கு' என்னும் அழகிய சொல் உண்டு. கோயிலைப் பழுதுபார்த்தற்கென விட்ட நிலத்துக்குப் 'புதுக்குப்புறம்' என்று பெயர். சமணப் பள்ளிகளுக்கு விட்ட நிலம் 'பள்ளிச்சந்தம்'. கட்டும்போதே பழுதுபார்க்கும் செலவுக்கும் வழி செய்து வைத்த முன்னோர் நம் முன்னோர். சித்தன்னவாசல் அறிவர் கோயிலில் ஒன்பதாம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று உள்ளது. பாண்டியன் சீமாறன் சீவல்லபன் காலத்தில் மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் அக்குடைவரையின் உள்மண்டபத்தைப் புதுக்கி, முன்மண்டபத்தை எழுப்பினான் என்பதை அது தெரிவிக்கின்றது. குடைவரையை அவன் இடிக்கவில்லை. பழுதுபார்த்து, புதியதை முன்னே சேர்த்தான். ஆசிரியன் ஒருவன் செய்த பணி என்பதால் எனக்கு அதில் சற்றுக் கூடுதல் பெருமை. திருப்பருத்திக்குன்றத்தில் விஜயநகர அமைச்சர் இருகப்பர் 1387–88இல் கட்டிய சங்கீத மண்டபமும் அவ்வாறே பழைய கோயிலுக்கு முன்னே எழுந்தது. பழையதும் நின்றது, புதியதும் நின்றது.

இன்று நம் ஊர்களின் நிலை என்ன? திருவண்ணாமலை, விழுப்புரம், காஞ்சிபுரம், வேலூர் வட்டாரங்களில் நம் முன்னோர் வாழ்ந்த சிற்றூர்களில் ஜினாலயங்கள் உள்ளன. நம்முள் பலர் கல்வியையும் தொழிலையும் நாடி நகரங்களுக்குப் பெயர்ந்துவிட்டோம். சில ஊர்களில் விளக்கேற்ற ஓரிரு குடும்பங்களே எஞ்சியுள்ளன. ஊரை விட்டு வந்த ஏக்கத்தால், கையில் பொருள் சேர்ந்ததும் கோயிலுக்கு ஏதேனும் செய்ய வேண்டும் என்னும் அன்பு நமக்குப் பெருகுகின்றது. அவ்வன்பு போற்றத்தக்கது. ஆனால் அவ்வன்பே பல இடங்களில் கேடாகவும் முடிகின்றது. பெயர் குறிப்பிட விரும்பாத ஓர் ஊரில் நான் கண்டேன்: அதிட்டானத்துக் கல்வெட்டின் கீழ்வரிகள் புதிதாகப் பதித்த டைல்ஸ் தரைக்கு அடியில் மறைந்திருந்தன. மேல்வரியில் கொடை தந்தவர் பெயர் தெரிகின்றது. என்ன கொடுத்தார் என்பது தெரியவில்லை. நம் குலத்தின் ஆவணம் ஒன்று நம் காணிக்கையாலேயே புதைந்து கிடக்கின்றது.

ஆகவே திருப்பணி செய்வோரிடம் சில வேண்டுகோள்களை வைக்கின்றேன்.

முதலாவது, பணி தொடங்குமுன் கோயில் முழுவதையும் படம் எடுத்துவையுங்கள். கல்வெட்டு இருப்பின் படியெடுக்கத் தொல்லியல் அறிந்தாரை அழையுங்கள்.

இரண்டாவது, சுண்ணாம்புக் காரையால் கட்டிய சுவரையும் விமானத்தையும் சிமென்ட் பூசி மூடாதீர்கள். சுண்ணாம்பு, ஈரத்தை வெளியே விடும். சிமென்ட் அதனை உள்ளே அடைத்துவிடும். அடைபட்ட ஈரம் உப்பைக் கிளப்பிச் செங்கல்லையும் சுதையையும் அரிக்கும். கடுக்காயும் வெல்லமும் சேர்த்துச் சுண்ணாம்பு அரைக்கும் முறை அறிந்த கொத்தனார்கள் இன்னும் நம் நாட்டில் உள்ளனர். அவர்களைத் தேடிப் பிடியுங்கள்.

மூன்றாவது, கருங்கல்லுக்கு எனாமல் வண்ணம் வேண்டா. மணலைப் பீச்சிக் கல்லைத் தேய்க்கும் எந்திரம் அறவே வேண்டா. அழுக்கோடு உளி பட்ட தடமும் எழுத்தும் போய்விடும். பழைய ஓவியத்தின்மேல் வெள்ளையடிக்க ஒருபோதும் இசையாதீர்கள்.

நான்காவது, ஆண்டுதோறும் மழைக்காலத்துக்கு முன் ஒருநாள் ஊருக்குச் செல்லுங்கள். விமானத்து வெடிப்பில் ஆலும் அரசும் முளைத்துள்ளனவா, மேல்தளத்துத் தூம்பு அடைபட்டுள்ளதா என்று பாருங்கள். விரலளவு செடியை இன்று வேரோடு களைதற்கு ஆகும் செலவு மிகச் சிறிது. பத்தாண்டு கழித்து விமானத்தைப் பிரித்துக் கட்டுவதற்குப் பல லட்சம் வேண்டும். அப்போதும் பழைய விமானம் திரும்பி வாராது.

ஐந்தாவது, பிள்ளைகளை உடன் அழைத்துச் செல்லுங்கள். பூட்டிய கோயிலை எந்தச் சாசனமும் காக்காது. வழிபாடும் வருகையும் உள்ள கோயிலே நிற்கும்.

அறக்கட்டளைப் பொறுப்பாளர்களுக்கும் ஒரு விண்ணப்பம். கட்டடப் பணிக்கென நன்கொடை திரட்டும்போது, அதில் ஒரு பகுதியைப் 'புதுக்குப்புறம்' என்னும் அப்பழைய பெயராலேயே தனியே வைத்து, அதன் வட்டியை ஆண்டுப் பராமரிப்புக்கு மட்டும் செலவிடுங்கள். திறப்பு விழாக் கல்லில் பெயர் பொறிக்கப் பலர் முன்வருவர். செடி களைந்தவர்க்கும் தூம்பு துடைத்தவர்க்கும் கல்வெட்டு இல்லை. அவர்களுடைய பெயர்கள் ரியோ நகரத்துப் பெண்கள் எழுதிய பெயர்களைப்போல உள்ளே மறைந்திருக்கும். கோயில் வெளியே நின்றுகொண்டிருக்கும்.

1931இல் எழுந்தவற்றுள் பேரரசின் மாளிகை மக்களாட்சியின் இல்லமாயிற்று. வெறுமையாய்க் கிடந்த மாடங்கள் நிரம்பின. ஒழுகிய வீடு உலக மரபுச் சின்னமாயிற்று. அவை ஒவ்வொன்றின் பின்னும் கட்டிய கையோடு, பின்னாளில் காத்த கையும் உண்டு. நம் ஜினாலயங்களைக் கட்டிய கைகள் ஓய்ந்து பல நூற்றாண்டுகள் ஆயின. காக்கும் கைகள் இவ்வவையில் உள்ளன. இந்த மழைக்கு முன்பே அவை தம் பணியைத் தொடங்குக என வேண்டி அமைகின்றேன்.

வாழ்க அறம்! வளர்க அருள்நெறி!